பழி சுமக்கும் ஒரு சொல்

படூரில், பழைய மாமல்லபுரம் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில், மாலை வேளைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடிப் படிக்கின்றனர். சிறுசேரியின் கணினி நிறுவனங்களுக்கு இவர்களுடைய பெற்றோரில் சிலர் துப்புரவுப் பணிக்கும் காவல் பணிக்கும் செல்கின்றனர். பிள்ளைகளோ அதே கட்டடங்களில் மேசையும் நாற்காலியும் தமக்கென்று கிடைக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கின்றனர். அந்த நாற்காலிக்குச் செல்லும் வாயில் ஆங்கிலம் என்பது அவர்களுக்குத் தெரியும். அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, போட்டித் தேர்வுக்கெனத் தொகுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"ஃபாதர், 'பரையா' என்றால் எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவன் என்று போட்டிருக்கிறது. இது எங்கள் சாதிப் பெயர்தானே? இதை நான் மனப்பாடம் செய்ய வேண்டுமா?"

நாம் உடனே விடை கூறவில்லை. விடை தெரியாததால் அன்று. தெரிந்த விடை அப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லத்தக்கதாய் இராததால். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறோம். எழுதுவது அவளுக்காக மட்டுமன்று. அச்சொல்லைக் கூச்சமின்றி எழுதியும் பேசியும் வருகிற கற்றோருக்காகவும், அவர்களுள் குருக்களாகிய நம்மவருக்காகவும் எழுதுகிறோம்.

ஆங்கில நாளேடுகளைப் படிப்போர் இச்சொல்லை அறிவர். உலக நாடுகள் உறவு முறித்துக்கொண்ட ஓர் அரசை அவை 'பரையா அரசு' என்று எழுதும். கட்சியினரால் கைவிடப்பட்ட தலைவரையும், ஊழலில் சிக்கி நண்பர்களை இழந்த செல்வரையும் அதே பெயரால் சுட்டும். தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் 1990-களின் தொடக்கம் வரை நிறவெறியைச் சட்டமாக்கி வைத்திருந்த வெள்ளையர் அரசைப் பிற நாடுகள் ஒதுக்கிவைத்தன அல்லவா? அந்த அரசுக்கும் ஆங்கில ஏடுகள் இட்ட பெயர் 'பரையா அரசு' என்பதே. இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கறுப்பின மக்களைத் தனிக் குடியிருப்புகளுக்குத் துரத்திய அரசு அது. தனிப் பள்ளி, தனிப் பேருந்து, தனிக் கடற்கரை என்று மனிதரைப் பிரித்த அரசு அது. அத்தகைய கொடுமைக்காரனைக் கடிந்துரைக்க ஆங்கிலத்துக்குக் கிடைத்த பெயர், அதே கொடுமையைத் தமிழகத்தில் நூற்றாண்டுகளாக அனுபவித்த மக்களின் பெயர்! ஒதுக்கியவனைத் திட்டுவதற்கும் ஒதுக்கப்பட்டவனின் பெயரையே எடுப்பது எவ்வகை நீதி?

இச்சொல் எங்கே பிறந்தது? தமிழில் பிறந்தது. பறை என்னும் தோற்கருவியின் பெயரிலிருந்து பறையர் என்னும் பெயர் வந்தது என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொண்ட கருத்து. பறை என்பதற்குக் கருவி என்னும் பொருளோடு சொல் என்னும் பொருளும் உண்டு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் அது இன்றும் அன்றாட வழக்கு. ஊருக்குச் செய்தி அறிவிப்பவன் பறையை முழக்கிவிட்டே அறிவித்தான். வெள்ளம் வருவதையும் போர் மூள்வதையும், மன்னன் ஆணையையும் மணவிழாவையும் மக்கள் பறையொலி கேட்டே அறிந்தனர்.

பண்டைத் தமிழர் பறையை இழிவாக எண்ணவில்லை. ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையும் ஒன்று. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று நிலந்தோறும் ஒரு பறை வகுத்தனர். புறநானூற்றின் 335-ஆம் பாடல் சிறப்புடைய குடிகளாக நான்கினைச் சொல்லி, அவற்றுள் பறையனையும் ஒன்றாக எண்ணுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர் சிறுமியர் கண்ணனிடம் கேட்டு நிற்பதும் பறையே. உரையாசிரியர்கள் அதற்குப் பேறு என்றும் கைங்கரியம் என்றும் உட்பொருள் காண்பர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், இறையிலி நிலங்களைக் குறிக்குமிடத்தில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. பெயரும் தீண்டாமையும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. பெயர் மூத்தது; அதன்மேல் ஏற்றிய பழி இளையது.

பின்னர்க் கடல் கடந்து வந்தவர் இச்சொல்லை எடுத்துச் சென்றனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசாவின் நூலிலேயே இது காணப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூலிலும் ஏறிவிட்டது. ஐரோப்பியர் நாவுக்கு வல்லின றகரம் வசப்படவில்லை. அது தேய்ந்து இடையின ரகரம் ஆயிற்று. அதனினும் பெரிய தேய்வு பொருளில் நேர்ந்தது. பறையொலி அங்கே போய்ச் சேரவில்லை. பழி மட்டும் போய்ச் சேர்ந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்பியேர் 1791-இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், நற்குணம் மிக்க ஒரு 'பரியா'வைப் படைத்தார். அதன்பின் இச்சொல் ஐரோப்பிய இலக்கியத்தில் நாகரிகப் பொருளாயிற்று. 1821-இல் தெலாவீஞ் என்பாரும் 1823-இல் மிக்கேல் பேர் என்பாரும் இதே தலைப்பில் நாடகங்கள் இயற்றினர். 1824-இல் கதே இதே தலைப்பில் கவிதை வெளியிட்டார். மாக்ஸ் வேபர் என்னும் சமூகவியல் அறிஞர் யூதரைப் 'பரியா மக்கள்' என்றார். 1944-இல் ஹன்னா அரெண்ட் அம்மையார் யூதரின் நிலையை விளக்க இச்சொல்லையே கையாண்டார். இவர்களுள் பலர் ஒடுக்கப்பட்டோர் மேல் இரக்கம் கொண்டவர்களே, மறுக்கவில்லை. எனினும் அவர்கள் எழுதிய காலம் முழுவதும் அப்பெயருக்குரிய மக்கள் இங்கே செங்கல்பட்டுச் சீமையின் கழனிகளில் சேற்றில் நின்றனர். தம் பெயர் பாரிசிலும் பெர்லினிலும் அரங்கேறியதை அவர்களிடம் எவரும் சென்று சொல்லவில்லை.

யூல், பர்னெல் ஆகிய இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதி, இச்சொல்லைத் தமிழ்ப் பறையோடு இணைத்தே விளக்குகிறது. சாதியை இழந்து துரத்தப்பட்டவர் என்று ஐரோப்பியர் இதற்குக் கொண்ட பொருள் பிழையானது என்றும் எடுத்துக்காட்டுகிறது. ஆக, ஆங்கிலேயர் தம் பிழையைத் தம் அகராதியிலேயே படித்தறிய வழி ஏற்பட்டு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் பிழை வழக்காகவே நிலைத்துவிட்டது.

இங்கே நம் நண்பர் சிலர் மறுப்புக் கூறுவர். "சொற்பிறப்பு வேறு, சொற்பொருள் வேறு. காசு என்னும் தமிழ்ச் சொல்லோடு ஆங்கிலக் 'கேஷ்' கலந்துவிட்டது, கட்டுமரம் 'கேட்டமரன்' ஆயிற்று, எவர் வருந்துகிறார்? ஆங்கிலேயன் 'பரையா' என்னும்போது தமிழ்நாட்டுச் சாதியை நினைப்பதில்லை. நினையாத ஒன்றுக்காக அவனைக் குற்றஞ்சாட்டலாமா?" என்பர்.

சொல்வோன் நினையாவிடினும் கேட்போன் நினைக்கிறான் என்பதே நம் விடை. கட்டுமரத்துக்குச் செவி இல்லை. படூர் மாணவிக்குச் செவி உண்டு. ஒரு சொல்லின் வேர் காய்ந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் உரிமை, அதை எறிகிறவனுக்கு உரியதன்று. அது யார்மேல் விழுகிறதோ அவருக்கே உரியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அவ்வகுப்பைச் சாராத ஒருவர் பலர் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். தமிழில் தெருவில் சொன்னால் காவல் நிலையம் வரை செல்லக்கூடிய சொல், ஆங்கிலத்தில் தலையங்கத்தில் வந்தால் நடைநயம் ஆகிவிடுகிறது! மொழி மாறினால் குற்றம் புண்ணியமாகுமா?

இவ்வகையில் திருச்சபைக்கே ஓர் அனுபவம் உண்டு. பெரிய வெள்ளி வழிபாட்டின் பொது மன்றாட்டுகளுள் யூதருக்கான மன்றாட்டில் 'பெர்ஃபிடிஸ்' என்னும் இலத்தீன் அடைமொழி நூற்றாண்டுகளாக இருந்தது. வஞ்சகர், நம்பிக்கைத் துரோகிகள் என்னும் பொருளிலேயே மக்கள் அதனைக் கேட்டனர். கற்றோர் சிலர், "பழைய இலத்தீனில் இதற்கு நம்பிக்கை கொள்ளாதவர் என்பதே பொருள், பழியேதும் இல்லை" என்று சொற்பிறப்பு காட்டி வாதிட்டனர். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அந்த வாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று அச்சொல்லை நீக்கச் செய்தார். ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டதைக் கண்ட ஒரு தலைமுறையின் காதில் அச்சொல் எவ்வாறு விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். இலக்கணத்தை அன்று, செவியைக் கருதினார். மன்றாட்டிலேயே சொல்லை மாற்றத் துணிந்த திருச்சபையின் பிள்ளைகள், ஒரு கட்டுரையிலும் மறையுரையிலும் சொல்லை மாற்றத் தயங்குவது ஏன்?

மறையுரை என்றோம், அதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் மறையுரை ஆற்றும் குருக்கள் சிலர் தவக்காலத்தில், "கிறிஸ்து நமக்காகப் பரையா ஆனார்" என்று உருக்கமாகச் சொல்வர். நாமும் சொன்னவர்களே. உதவிப் பங்குத்தந்தையாக நகரத்துப் பங்கு ஒன்றில் இருந்த காலத்தில், ஒரு தவக்கால வெள்ளியன்று இத்தொடரை இரண்டு மூன்று முறை அழுத்திச் சொன்னோம். நன்றாகப் பேசினோம் என்னும் நிறைவோடு சக்ரீஸ்துக்குத் திரும்பினோம். அங்கே முதியவரான கோயில்பிள்ளை மெழுகுத்திரிகளை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆங்கிலம் அறியாதவர்.

"சாமி, பிரசங்கம் எனக்கு விளங்கலீங்க. நடுவுல ரெண்டு மூணு தடவை எங்க பேரு மட்டும் காதுல விழுந்துது. எங்களைப் பத்தி என்னங்க சாமி சொன்னீங்க?"

நாம் என்ன சொல்ல முடியும்? உங்களை நல்லபடியாகத்தான் சொன்னோம் என்றோம். அது பொய் என்பது நமக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்திருந்தது. குருமடத்தில் கற்ற கிறிஸ்தியல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு முன் வாய் மூடி நின்றது.

அத்தொடரில் உள்ள இறையியல் பிழையைப் பின்னரே உணர்ந்தோம். ஆண்டவர் நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் என்று எபிரேயர் திருமுகம் கூறுகிறது. உண்மைதான். ஆயின் அவரை வாயிலுக்கு வெளியே கொண்டு சென்றவர் எவர்? தலைமைக் குருக்களும் பிலாத்துவும் கூச்சலிட்ட கூட்டமும் அல்லவா? 'அவர் பரையா ஆனார்' என்னும்போது இவர்கள் எல்லாரும் காட்சியிலிருந்து மறைந்துவிடுகின்றனர். மேலும் ஒரு மக்களினத்தின் பெயர், மனுமகன் இறங்கிய இழிவின் அடித்தளமாகக் காட்டப்படுகிறது. அம்மக்களோ அவ்விழிவில் தாமாக இறங்கியவர் அல்லர், தள்ளப்பட்டவர். கடவுள் அவர்களோடு நின்றார் என்பது நற்செய்தி. கடவுளே அவர்கள் அளவுக்குக் கீழே போய்விட்டார் என்பது சாதியின் செய்தி. இரண்டும் ஒன்றன்று.

இங்கேதான் இச்சொல்லின் உட்கிடையான தீமை விளங்குகிறது. படூர் மாணவி அன்று இன்னொரு கேள்வியும் கேட்டாள். "ஒதுக்கினவனுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை, ஃபாதர்?" என்றாள். நாம் யோசித்துப் பார்த்தோம். ஒதுக்கப்பட்டவனுக்கு உலகமெல்லாம் அறிந்த பெயர் ஒன்று தமிழிலிருந்து போயிருக்கிறது. ஒதுக்கியவனுக்கு அவ்வாறு ஒரு பெயரும் போகவில்லை. அமைப்புக்கு ஐரோப்பியர் இட்ட பெயர்கூடத் தமிழன்று. இனம், குலம் எனப் பொருள்படும் 'காஸ்தா' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததே ஆங்கிலக் 'காஸ்ட்'. குற்றத்துக்கு அயல்மொழிப் பெயர். குற்றத்தைச் சுமந்தவனுக்கோ தமிழ்ப் பெயர். குற்றவாளிக்குப் பெயரே இல்லை. செய்வினை மறைந்து செயப்பாட்டுவினை மட்டும் எஞ்சிய வாக்கியம் போன்றது இச்சொல்.

மறைந்த எழுவாயைத் தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1891-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர், 'செங்கல்பட்டுப் பறையரைப் பற்றிய குறிப்பு' என்னும் அறிக்கையை அரசுக்கு அளித்தார். ஒதுக்குதல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அது வெளிப்படையாகக் காட்டியது. சிறு கடனுக்காகப் படியாளாகப் பிணிக்கப்பட்டவன் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரின் நிலத்தில் உழைத்தான். அவன் குடிசை நின்ற மனையும் மிராசுதாருக்கே உரியதாகையால், வாய் திறந்தால் வீட்டையும் இழப்பான். தரிசு நிலம் கேட்டு அவன் மனுச் செய்தால் மிராசுதாரின் முன்னுரிமை அதைத் தடுத்தது. ஆக, ஒதுக்கப்பட்டவன் என்பது வானத்திலிருந்து விழுந்த விதியன்று. கடனும் மனையும் நிலமும் கொண்டு மனிதர் மனிதருக்குக் கட்டிய வேலி அது. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசு இம்மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பிறருக்கு விற்கலாகாது என்னும் கட்டுப்பாட்டோடு அளிக்கப்பட்ட அந்நிலங்களே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்டன.

அந்நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கோரி மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 1994 அக்டோபரில் மக்கள் போராடினர். அப்போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் இளைஞர் இருவர் மாண்டனர். படூரிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் இன்று அடுக்குமாடிகளும் கல்லூரிகளும் கணினி நிறுவனங்களும் நிற்கின்றன. சென்ட் நிலத்தின் விலை இலட்சக்கணக்கில் ஏறிவிட்டது. அந்த அடுக்குமாடி ஒன்றில் அமர்ந்து ஆங்கில நாளேட்டில் 'பரையா' என்று படிப்பவர், அச்சொல்லுக்கு உரியவர்களின் மண் எது என்று சன்னல் வழியே பார்ப்பதுண்டா?

"அப்படியாயின் பெயரை மாற்றிவிட்டால் போயிற்று" என்று கூறுவோர் வேறு சிலர். இதுவும் பழைய வழக்கே. பண்டிதர் அயோத்திதாசர் இப்பெயரை ஏற்க மறுத்தார். அது பகைவர் இட்ட பெயர் என்றும் இம்மக்கள் பூர்வத் தமிழர் என்றும் வாதிட்டு, 1907 முதல் தாம் நடத்திய இதழுக்குத் தமிழன் என்னும் பெயரையே நிலைநாட்டினார். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனோ 1893-இல் தொடங்கிய தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரால் இகழ்ந்தனரோ அப்பெயராலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் துணிபு. எம்.சி. இராஜாவின் முயற்சியால் 1922-இல் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. காந்தியடிகள் அரிசனர் என்றார். அதனை அம்பேத்கர் ஏற்கவில்லை. பின்னர்த் தலித் என்னும் பெயர் எழுந்தது.

எப்பெயரால் தம்மை அழைத்துக்கொள்வது என்பது அம்மக்களின் உரிமை. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. வழக்கம் மாறாமல் பெயர் மட்டும் மாறினால், புதுப் பெயரிலும் பழைய அழுக்குப் படியும். 'காலனி' என்பது ஆங்கிலத்தில் வெறும் குடியிருப்பு. நம் ஊர்களில் அது என்ன பொருள் தருகிறது என்பதைப் படிப்பவர் அறிவர். சொல்லைக் கறைப்படுத்துவது எழுத்தன்று, நடத்தை.

ஆகவே ஆங்கிலேயனை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. திருச்சபையின் வரலாறு இதில் கறையற்றதன்று. நோபிலி அடிகளின் காலத்துக்குப்பின் மதுரை மறைப்பணித் தளத்தில் உயர்சாதியாருக்கு ஒரு வகைத் துறவியர், ஏனையோருக்குப் பண்டாரசாமிகள் என்று இரு வகை ஏற்பட்டது. பறையரின் வீட்டுக்குள் சென்று நோயாளிக்கு அருளடையாளங்கள் வழங்கக் குருக்கள் மறுத்தலாகாது என்று 1704-இல் பாண்டிச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் ஆணையிட வேண்டியிருந்தது. ஆணை தேவைப்பட்டது என்பதே அங்கே நடந்தது என்ன என்பதைக் காட்டுகிறது! இவ்வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், அம்மக்களுக்கெனத் தனியாகக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். சாகக் கிடக்கும் ஒருவனின் குடிசைக்குள் நற்கருணை நுழையலாமா என்பது நாற்பது ஆண்டு வழக்காக இருந்தது என்பதை எண்ணுந்தோறும் நமக்குத் தலை குனிகிறது.

அது பழங்கதை என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டா. 2003-இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதி உணர்வின் சாயலும் இருத்தலாகாது என்று எச்சரித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் பாகுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு அதனைப் பாவம் எனக் கண்டித்தது. இந்தியக் கத்தோலிக்கருள் பெரும்பான்மையோர் தலித் மக்களே என்றும் அதே ஆவணத்தின் கணக்கு கூறுகிறது. பெரும்பான்மையோர் யாரோ அவர்களை 'ஒதுக்கப்பட்டவர்' என்றால், திருச்சபை என்பது எது? ஒதுக்கியவர்களின் சிறு கூட்டமா?

அரசும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் வகுப்பினரை இந்துக்களாகவே வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இதனை எதிர்த்து ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். நல்லது, செய்ய வேண்டியதே. ஆனால் "கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு ஏன் சலுகை கேட்கிறீர்கள்?" என்று கேட்போருக்கு நாம் காட்டும் சான்று எது? நம் கல்லறைத் தோட்டங்களே சான்றாக நிற்கின்றன என்பது வெட்கமன்றோ! வழக்கில் வெல்வதற்கு நம் பாவத்தையே ஆவணமாகக் காட்ட வேண்டியிருக்கிறது. காட்டத்தான் வேண்டும். காட்டிவிட்டு அதனை அப்படியே வைத்திருத்தலாகாது.

ஆதலின் நாம் வேண்டுவன சில. நம் ஆங்கில ஏடுகளிலும் மறையுரைகளிலும், நம் பள்ளிகளின் பாடக் குறிப்புகளிலும் இச்சொல்லை வசையாகவோ உவமையாகவோ இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்வோம். ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஒதுக்கியவர் எவர் என்பதையும் சேர்த்தே சொல்வோம். நம் பள்ளிகளில் இச்சொல் பாடத்தில் வந்தால், ஆசிரியர் பொருளை மட்டும் சொல்லி நகராமல் வரலாற்றையும் கூறட்டும். இவை நாவின் கடமைகள்.

கைகளின் கடமைகள் இவற்றினும் கடினமானவை. பங்குக்கு ஒரே கல்லறைத் தோட்டம், அதில் ஒரே வரிசை. சாவுக்கு எடுக்கும் தூம்பா எல்லாருக்கும் ஒன்று. திருவிழாத் தேர் ஊர்த் தெருவில் எத்தனை நாழிகை நிற்கிறதோ அத்தனை நாழிகை காலனித் தெருவிலும் நிற்க வேண்டும். பெரிய வியாழனன்று பாதம் கழுவ அமரும் பன்னிருவரின் பட்டியலைப் பங்குத்தந்தை தாமே ஒருமுறை உற்றுப் படித்துப் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஆங்கில அகராதியைத் திருத்தச் சொல்லி மடல் எழுதுவது, வீட்டில் குப்பையை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலைப் பெருக்குவது போன்றது.

இறுதியாகப் பறைக்கே திரும்புகிறோம். புதிய ஏற்பாட்டில் நற்செய்தியை அறிவித்தலுக்கு ஆளப்பட்ட கிரேக்கச் சொல் 'கெரிக்மா'. தெருவில் நின்று அரசனின் செய்தியை ஊரறியக் கூவும் அறிவிப்பாளனின் வேலையிலிருந்து வந்த சொல் அது. தூய பவுல் தம்மை அத்தகைய அறிவிப்பாளர் என்றே அழைத்துக்கொண்டார். அவ்வேலைக்குத் தமிழில் நேரான சொல் தேடினால் பறையறைதல் என்பதே கிடைக்கும். திருச்சபை தன் முதற்பணியாகக் கொண்டது எதுவோ அதன் பெயரைத் தாங்கியிருந்த மக்களையே நாம் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். சாவு வீட்டில் அவர்களுடைய பறையைக் கேட்டோம். பீடத்தருகே அதனைத் தீட்டு என்றோம். மக்களின் இசை மரபைத் திருவழிபாடு மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறிவிட்டது. அதன் பின்னும் பறை கோயிலுக்குள் வர எத்தனை வாக்குவாதங்கள்!

படூர் மாணவியிடம் மறுமுறை சென்று பேசினோம். தேர்வுக்கு வேண்டுமாயின் படித்துக்கொள். ஆனால் அப்பட்டியலில் எழுதியிருப்பது உன்னைப் பற்றியதன்று, உன் முன்னோருக்கு இழைக்கப்பட்டதைப் பற்றியது என்றோம். அவள் கேட்டுக்கொண்டாள். பின்னர், "அப்படியென்றால் அதைச் செய்தவர்களைப் பற்றித்தானே எழுதியிருக்க வேண்டும்?" என்றாள்.

ஆம் மகளே, அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்ட அந்த வரியில் வரவேண்டிய பெயர்களுள் குருக்களாகிய எங்கள் பெயரும் உண்டு.